காணும் பொங்கலும் ரெண்டு கிலோ மட்டனும்

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்கள், லீவு கிடைக்காதவர்கள் என்று ஒன்பது பேர் சென்னையிலேயே மாட்டிக்கொண்டோம். காணும் பொங்கலுக்கு மெரினா போகலாமா என்று ஒருத்தன் ஆரம்பித்தான். அன்றைக்கு அங்கே மணலே கண்ணில் படாது, கடலில் கால் நனைக்கக்கூட விடாமல் போலீஸ் கட்டை கட்டி வைத்திருக்கும், வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு நடந்தே செத்துவிடுவோம் என்று எல்லாரும் அவனை அடக்கி, திருவல்லிக்கேணியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மொட்டை மாடியிலேயே ராத்திரிச் சாப்பாடு என்று முடிவானது.

முதல் சிக்கல் கறி. முந்தின நாள் திருவள்ளுவர் தினம், கறிக்கடை எல்லாம் மூடல். அதனால் 16ஆம் தேதி காலையில் ஊரே கடை வாசலில் நின்றது. ரெண்டு கிலோ மட்டன் வாங்க ஒன்றரை மணி நேரம்.

மாடியிலேயே தம் போட வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான், அந்தப் பாவம் என்னையே சேரும். சிலிண்டரையும் வாடகை அண்டாவையும் மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனால், கடற்காற்று அடுப்பை நேராக எரியவே விடவில்லை. தீ ஒரு பக்கமாகச் சாய, அண்டாவில் இந்தப் பக்கம் சீரகச் சம்பா குழைந்துவிட்டது, அந்தப் பக்கம் விரை விரையாக நிற்கிறது. கடைசியில் யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா ஃப்ளெக்ஸை மூன்று பேர் விரித்துப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். அப்படியும் அடிபிடித்தது. தயவுசெய்து கீழேயே சமைத்து மேலே கொண்டுபோங்கள். வாழை இலையும் வேண்டாம், காற்றுக்குப் பறக்கிறது, எங்கள் வெங்காயப் பச்சடி பாதி பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. பாக்குமட்டைத் தட்டுதான் சரி.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள், எட்டு மணிக்கு மேல் நிலா எழுந்தது. சீரியல் லைட்டை அணைத்துவிட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்து முதல் வாய் வைக்கிறோம், தலைக்கு மேலே சடசடவென்று தண்ணீர். கீழே ஹவுஸ் ஓனர் அங்கிள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார், டேங்க் நிரம்பி வழிகிற குழாய்க்கு நேர் கீழே நாங்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து "அங்கிள், மோட்டார்! மோட்டார்!" என்று ஒன்பது பேரும் கத்தினோம். அவர் வீட்டு டிவி சத்தம்தான் பதிலுக்குக் கேட்டது. ஒருத்தன் எச்சில் கையோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

அங்கிள் மேலேயே வந்துவிட்டார். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று வீடு கொடுக்கும்போதே சொன்ன மனுஷன், திட்டப் போகிறார் என்று நினைத்தோம். நனைந்த ஜமக்காளத்தைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார்.

"மட்டனா தம்பி?"

"ஆமா அங்கிள், ஆனா அடிபிடிச்சிடுச்சு."

"அடிபிடிச்சதா? அதையே கொஞ்சம் சுரண்டிப் போடுங்க."

சுகருக்கும் கொழுப்புக்கும் பயந்து ஆன்ட்டி வீட்டில் மட்டனை நிறுத்தி ரெண்டு வருஷமாம். டேங்கில் சாய்ந்தபடியே ரெண்டு தட்டு சாப்பிட்டார், எலும்பை நிதானமாக உறிஞ்சினார், எங்கள் சமையலில் உப்பு குறைவு என்று குறையும் சொன்னார். கைகழுவி, வாய் கொப்பளித்து, யாரிடமோ பாக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் காலை குப்பைப் பையோடு இறங்கினேன். ஆன்ட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"ஏம்ப்பா, மோட்டாரை நிறுத்த மாடிக்கு எதுக்குப் போகணும்? சுவிட்சு கீழதானே இருக்கு?"