சூப்பர் மீட்டியாரா, ஷாட்கன்னா? எஞ்சின் ஒண்ணுதான், எதை எடுக்கறது?

கேள்வி:
வணக்கம் மக்களே. ராயல் என்ஃபீல்டு 650ல ஒரு க்ரூஸர் (நிதானமா நெடுந்தூரம் போற பைக்) எடுக்கறதுன்னு முடிவாயிடுச்சு, ஆனா சூப்பர் மீட்டியாருக்கும் ஷாட்கன்னுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ரெண்டுலயும் அதே 648 சிசி ரெட்டை சிலிண்டர் எஞ்சின், அதே 6 கியர், வெயிட்கூட 241, 240ன்னு ஒரு கிலோதான் வித்தியாசம். பாக்க எனக்கு ஷாட்கன்தான் ரொம்ப புடிச்சிருக்கு, அந்த குட்டையான பின்பக்கமும் ஹெட்லைட்ட மூடி வர்ற முகப்பும் பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா லீவு கெடச்சா மனைவியோட நாள் முழுக்க ஓட்டற ஆள் நான். உயரம் 5 அடி 5 இன்ச், அடிக்கடி இடுப்பு புடிச்சுக்கும். ஓட்டிப் பாத்தவங்க சொல்லுங்க.

பதில் 1:
ப்ரோ, ஸ்பெக் ஷீட்ல எஞ்சின் பக்கத்த மூடி வெச்சிட்டு கால் எங்க வைக்கிறோம்னு மட்டும் பாருங்க, மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு. சூப்பர் மீட்டியார்ல ஃபுட்பெக் (கால் வைக்கிற கம்பி) முன்னாடி இருக்கும், கால நீட்டி சாஞ்சாப்ல உக்காருவீங்க. ஸ்மூத்தான ஹைவேல சொர்க்கம். ஆனா அப்படி உக்காரும்போது உடம்பு வெயிட் பூரா வாலெலும்பு மேலதான் இறங்கும், குண்டு குழி வந்தா கால ஊனி லேசா எந்திரிச்சுக்க முடியாது, அடி நேரா முதுகுக்குத்தான். பின் சஸ்பென்ஷன் டிராவல், அதாவது அது அமுங்கி எழும்புற தூரம், 101 மிமீதான். ஷாட்கன்ல ஃபுட்பெக் கிட்டத்தட்ட நடுவுல இருக்கறதால பெரிய பள்ளத்துக்கு கால்ல தாங்கிக்கலாம், அதே சமயம் அதுக்கு பின்னாடி டிராவல் இன்னும் கம்மி, 90 மிமீ. அதனால ‘க்ரூஸர்னா இடுப்புக்கு நல்லது’ன்னு யாராவது சொன்னா அப்படியே நம்பிடாதீங்க, ரோட்டப் பொறுத்து மாறும்.

பதில் 2:
மேல சொன்னது கரெக்ட், ஆனா தம்பி உயரத்தையும் கணக்குல எடுக்கணும். சூப்பர் மீட்டியார் சீட் 740 மிமீ, ஷாட்கன் 795. 5 அடி 5 இன்ச்சுக்கு மீட்டியார்ல ரெண்டு பாதமும் முழுசா தரையில படும், பின்னாடி ஆள் உக்காந்திருக்கும்போது 240 கிலோ வண்டிய சிக்னல்ல புடிச்சு நிக்க அது பெரிய தெம்பு. ஷாட்கன்னும் நிக்க முடியாத உயரம் கெடையாது, ஆனா சரிவுல நிறுத்தி காலாலேயே பின்னாடி தள்ளிப் பாருங்க, அப்ப தெரியும்.

திருப்பறதுல ஷாட்கன்தான். வீல்பேஸ் (ரெண்டு வீலுக்கும் நடுவுல உள்ள தூரம்) 1465 மிமீ, மீட்டியாருக்கு 1500. ஷாட்கன்ல முன் வீல் 18 இன்ச், பின் வீல் 17, மீட்டியார்ல 19, 16. வளைவுல ஷாட்கன் சொன்ன உடனே சாயும், மீட்டியார் கொஞ்சம் யோசிச்சு நிதானமா சாயும். நேர் ரோட்டுல அந்த நிதானம்தான் சுகம், அசையாம போய்க்கிட்டே இருக்கும். டேங்கும் 15.7 லிட்டர், ஷாட்கன்ல 13.8, நாள் பூரா ஓட்டறவங்களுக்கு அதுவும் ஒரு விஷயம்.

பதில் 3:
ஒருத்தரும் பின்னாடி உக்கார்றவங்கள பத்தி பேசலையே! ஷாட்கன்ன வரைஞ்சதே ஒத்த ஆளுக்குன்னுதான் எனக்குத் தோணும், பின் சீட்ட கழட்டிட்டா சிங்கிள் சீட், அதுதான் அதோட அழகே. சீட்ட மாட்டி வெச்சா உங்களுக்குப் புடிச்ச அந்த குட்டைப் பின்பக்கம் பாதி மறைஞ்சு போயிடும், அதையும் யோசிங்க. மீட்டியார்ல டூரிங் சீட், பேக்ரெஸ்ட், விண்ட்ஸ்க்ரீன் எல்லாம் வர்ற செலஸ்டியல் வேரியன்ட் இருக்கு, சாஞ்சுக்க ஒரு முதுகு கெடைச்சா பின்னாடி இருக்கறவங்க உங்களுக்கு முன்னாடி டயர்டு ஆக மாட்டாங்க. என் கருத்து, டெஸ்ட் ரைடுக்கு தனியா போகாதீங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க, ஓட்டி முடிச்சதும் முதல்ல அவங்ககிட்ட கேளுங்க.

ஸ்டைல வேணாம்னு சொல்லல. நிறுத்திட்டு நடக்கும்போது திரும்பிப் பாக்க வைக்காத வண்டிய வாங்கி என்ன பண்றது? ஆனா மீட்டியாரும் அழகில்லாத வண்டி இல்ல, அந்த சொட்டு மாதிரி டேங்க பக்கவாட்டுல நின்னு பாருங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பின் சீட்டு மாட்டுனா தோற்றம் மாறும்ங்கறது நான் யோசிக்கவே இல்லாத பாயிண்ட், ஃபோட்டோல எல்லாம் சிங்கிள் சீட்டாத்தான் பாத்துட்டு இருந்தேன். ரெண்டையும் மனைவியோட, நல்ல ரோட்டுலயும் பேட்ச் வொர்க் போட்ட ரோட்டுலயும் ஓட்டிப் பாத்துடறேன். ஒரு டவுட்டு, மீட்டியார்ல ஹேண்டில முழுசா ஒடிச்சு யூ டர்ன் போடும்போது என் உயரத்துக்கு வெளிப்பக்க கை எட்டுமா?

பதில் 2:
எட்டும் தம்பி, ஆனா தோள் லேசா முன்னாடி இழுக்கும். டெஸ்ட் ரைடுல அத கண்டிப்பா ஒரு தடவை போட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும்.