ரிட்டர்ன் பம்புக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

காட்பாடியிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களுக்கான சின்னக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். மூன்று இயல் முடிந்தது, நாலாவதில் மாட்டிக்கொண்டேன். அதன் தலைப்பே 'கட்டுப்படியாகும் விலையில் ரிட்டர்ன் பம்ப்'.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். மேலே மீனும் பவளமும் இருக்கும் கண்ணாடித் தொட்டி. அதைத் தாங்கும் மேசைக்குள் இன்னொரு தொட்டி. வடிகட்டி, நுரை பிரிக்கிற கருவி எல்லாம் கீழே இருப்பதில்தான். மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகத் தானாகவே கீழே இறங்கும். அதை மறுபடி மேலே தள்ளுவது இந்தப் பம்ப். இரவு பகல் நிற்காது.

என் வரைவில் 'மீள்நீர் விசையியக்கக் குழாய்' என்று இருக்கிறது. படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. பெட்டிமேல் ஒட்டும் சீட்டிலும் இதே சொல் வர வேண்டுமாம், அங்கே ஒரு வரிக்குத்தான் இடம்.

அப்புறம், உயரத்தாலும் குழாய் வளைவாலும் பம்பின் ஓட்டம் குறைகிறதே, அந்த 'ஹெட் லாஸ்' என்பதைத் 'தலை இழப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். சிரித்து முடித்ததும் அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஆரணியிலிருந்து, புதன் காலை

தம்பி, கையில் நெய்யை வைத்துக்கொண்டு அலைகிறீர்கள். பம்புக்கு 'எக்கி' இருக்கிறது. வயிற்றை எக்குகிறோம், எட்டாத காயை எக்கிப் பறிக்கிறோம். உள்ளிழுப்பதும் மேலே உயர்வதும் ஒரே சொல்லில். ஆகவே 'மீளெக்கி'. வினைத்தொகை. மீண்ட, மீள்கிற, மீளும் என்று முக்காலமும் உள்ளே. ஓயாமல் ஓடுகிற கருவிக்குக் காலம் காட்டாத தொகையைவிட என்ன வேண்டும்?

இன்னும் ஒன்று. நெய்தல் பாட்டுகளில் எக்கர் என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். கடலலை தள்ளிக் குவித்த மணல்மேடு. எக்கியது எக்கர். கடல்நீர்த் தொட்டியின் கருவிக்குக் கடற்கரைச் சொல்லின் உறவே கிடைக்கிறது. எக்கல், எக்கம், ஏக்கம் என்று கிளை பிரித்துப் போனால், ஏங்குவதுகூட நெஞ்சு எக்குவதுதான் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஆற்காட்டிலிருந்து, புதன் மதியம்

ஐயா, ஏக்கம் வரை போய்விட்டீர்கள், நல்லவேளை பெரிய ஏக்கம் வரவில்லை.

என் ஐயம் எளிது. 'மீளெக்கி' வினைத்தொகை என்றால் மீள்வது எக்கி. அது எங்கே போய் மீண்டது? கீழ்த்தொட்டியின் மூலையில் உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கிறது. மீள்வது தண்ணீர். அதுவும் தானாக மீளவில்லை, மீட்கப்படுகிறது. பிறவினை வேண்டும். 'மீட்பெக்கி' என்றால் தீயணைப்பு வண்டி நினைவுக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். திரும்புவது தன்வினை, திருப்புவது பிறவினை. ஆகவே 'திருப்பெக்கி'.

ஆரணியிலிருந்து, புதன் மாலை

குடிநீர் என்கிறோமே, நீரா குடிக்கிறது? சுடுகாடு என்கிறோமே, காடா சுடுகிறது? வினைத்தொகையில் எழுவாய் தேடுவது புளியமரத்தில் மாங்காய் தேடுவது. 'திருப்பெக்கி' என்பதை உரக்கச் சொல்லிப் பாருங்கள், திருப்பதி லட்டு மாதிரி ஏதோ கேட்கும்.

குடியாத்தத்திலிருந்து, புதன் இரவு

நான் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவன். இலக்கணம் எட்டாம் வகுப்போடு சரி. கடைக்கு வருகிறவர்கள் பம்ப் என்றுகூடச் சொல்வதில்லை, 'மோட்டார்' என்பார்கள். வீட்டில் சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவதும் மோட்டார், இதுவும் மோட்டார். வேலையும் ஒன்றுதான்.

சொல் எதுவானாலும் அந்த இயலில் கணக்கு தெளிவாக இருக்கிறதா, பாருங்கள். ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர். மணிக்கு ஐந்து தடவையாவது தண்ணீர் கீழே போய் மேலே வரட்டும் என்று வைத்தால் 950 லிட்டர். பெட்டியில் '2000 லிட்டர், 2 மீட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து இதுவே தாராளம் என்று எடுத்துப் போவார்கள். 2000 என்பது உயரமே இல்லாமல் தள்ளினால் வருவது. 2 மீட்டர் என்பது அதற்குமேல் ஒரு சொட்டும் ஏறாத உயரம். கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டி விளிம்பு 1.2 மீட்டர் இருந்தால் தோராயமாக 800 வரும். குழாயை வளைக்க இரண்டு எல்போ போட்டால் அதுவும் குறையும். 3000 லிட்டர், 3 மீட்டர் போட்டது வாங்கினால் 1800 கிட்ட நிற்கும், மிஞ்சியதை வால்வைத் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். நிஜமாக எவ்வளவு வருகிறது என்று தெரிய பத்து லிட்டர் பக்கெட் போதும். 40 நொடியில் நிரம்பினால் மணிக்கு 900.

விலை குறைவு என்று ஏர்கூலர் மோட்டாரைத் தூக்கி வருகிறவர்களும் உண்டு. உள்ளே இரும்புத் தண்டு இருந்தால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். செம்போ பித்தளையோ இருந்தால் இன்னும் மோசம், செம்பு கரைந்து இறாலும் நத்தையும் பவளமும் போய்விடும். பீங்கான் தண்டா என்று கழற்றிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் விலை. 40 வாட் மோட்டார் இரண்டு மாதம் ஓடினால் 58 யூனிட் கிட்ட, இலவசமாக வரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிசி மோட்டார் வாங்கும்போது கூடுதல் விலை, ஓடும்போது சிக்கனம், சத்தமும் கம்மி.

சத்துவாச்சாரியிலிருந்து, வியாழன் விடியற்காலை

குடியாத்தம் தம்பி சொன்னதை அப்படியே கையேட்டில் சேர்த்துவிடலாம்.

எனக்கு இந்த 'மீள்' மேலேயே சந்தேகம். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன கோடையில் ராத்திரி கரண்ட் போனது. காலையில் கூடத்தில் கால் வைத்தால் ஈரம், காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. மோட்டார் நின்றதும், அது தண்ணீர் தள்ளிய அதே குழாய் வழியாக மேல்தொட்டித் தண்ணீர் கீழே உறிஞ்சிக்கொண்டு வந்திருக்கிறது. குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே இருந்தது. 3 அடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் இரண்டு அங்குலம் என்றால் 21 லிட்டர். கீழ்த்தொட்டியில் பத்து லிட்டருக்குத்தான் இடம் விட்டிருந்தேன். ஒருவழி வால்வும் போட்டிருந்தேன், அதன் நாக்கில் சுண்ணாம்புப் பொருக்கு ஒட்டி மூடவில்லை. மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டத்தை அறுக்க வேண்டிய சின்னத் துளையைப் பாசி அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினால் பச்சையாகத் திரிபோல வந்தது.

இதைத் தமிழில் எச்சரிக்கையாக எழுதுங்கள், பார்க்கலாம். 'மின்சாரம் நின்றால் மீள்குழாய் வழியே நீர் மீளும்'. எங்கிருந்து எங்கே? மேலே போவதும் மீள்வது, கீழே வருவதும் மீள்வது. கவலை ஏற்றத்தில் மாடு முன்னே போனால் சால் மேலே வரும், மாடு பின்னால் வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். இதில் எது மீள்வது என்று யாரும் கேட்டதில்லை. ஏற்றம் என்றார்கள், முடிந்தது. திசையைச் சொல்லுங்கள். மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, ஏற்று மோட்டார், ஏற்று குழாய். 'ஹெட்' என்பது 'ஏற்ற உயரம்', உயரத்தாலும் எல்போவாலும் குறைவது 'ஏற்றக் குறைவு'.

வழிந்து இறங்குகிற வாய்க்கு என்ன போட்டீர்கள்? 'மிகைநீர் வழிந்தோடி' என்றுதானே இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள்? ஏரி கோடி போகுது. அதுதான் இது. 'கோடி' என்றே போடுங்கள்.

பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுப்பவள் என்பதால் ஒரு வார்த்தை: நம் கடலில் எடுத்த கல்பவளம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

ஆரணியிலிருந்து, வியாழன் காலை

'கோடி'க்கு மறுப்பில்லை, நல்ல சொல். ஆனால் 'ஏற்று மோட்டார்' என்றால் ஏற்றுமதி மோட்டார் என்று ஆம்பூர்க்காரர் ஒருவர் வண்டியோடு வந்து நிற்பார். 'ஏற்றி' என்றாலோ செல்போன் மின்னேற்றி. மோட்டார் என்ற பாதி எந்த ஊர்த் தமிழ்?

இதற்கிடையில் குடியாத்தம் தம்பி 'சம்ப்' என்று எழுதியது இரவெல்லாம் தூங்கவிடவில்லை. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் சதுப்பு நிலம். நம்மிடம் சதுப்பில் முளைக்கிற கோரைக்குச் சம்பு என்று பெயர், சம்பங்கோழி அதற்குள்தான் திரியும். இது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆற்காட்டிலிருந்து, வியாழன் காலை

தற்செயல்தான் ஐயா. விட்டால் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரரையும் கீழ்த்தொட்டிக்குள் இறக்கிவிடுவீர்கள். தண்ணீரில்லா ஆறு என்று பேர் வாங்கிய ஊரில், கடல் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்க, நாம் கடல்நீருக்குச் சொல் தேடிச் சண்டை போடுகிறோம்.

'திருப்பெக்கி'யைத் திரும்பப் பெறுகிறேன். அக்கா சொன்ன 21 லிட்டருக்கு முன் என் பிறவினை நிற்கவில்லை. 'ஏற்று மோட்டார்' அழகில்லை, ஆனால் பிளம்பருக்குப் புரியும்.

குடியாத்தத்திலிருந்து, வியாழன் மதியம்

கடையில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். 'மீளெக்கி' என்றதும் ஒருவர் அது எந்த மீன் என்று கேட்டார். 'ஏற்று மோட்டார்' என்றதும் எத்தனை வாட் என்று கேட்டார்.

காட்பாடியிலிருந்து, வெள்ளி அதிகாலை

அனுப்பிவிட்டேன். உள்ளே 'ஏற்று மோட்டார்', பெட்டிச் சீட்டிலும் அதுவே. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'ரிட்டர்ன் பம்ப் எனக் கடைகளில் கேட்கவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். கடைசிச் சொற்பட்டியலில் 'மீளெக்கி'யும் இருக்கிறது, ஆரணி ஐயாவுக்காக. 'கோடி' நாலு இடத்தில் வருகிறது. தலை தப்பியது. எல்லோருக்கும் நன்றி, தூங்கப் போகிறேன்.

ஆரணியிலிருந்து, வெள்ளி காலை

பட்டியலில் இடம் கொடுத்ததற்கு நன்றி. 'மீளெக்கி'தான் சரி என்ற கருத்தில் மாற்றமில்லை, பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பட்டியலைப் பார்த்தேன். ஸ்கிம்மருக்கு 'நுரைவாரி' என்று போட்டிருக்கிறீர்கள். அது நுரையை வாரவே இல்லையே தம்பி, நுரைக்கவைத்து அழுக்கைப் பிரிக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.