இரண்டே நாளில் ஏற்றுக்கொண்ட மாநாட்டுக்குப் போகலாமா?

கவுந்தப்பாடிக்காரி:

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துகிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் நடக்கிறது. மாசி மாதத்தில் ஒரே வாரத்துக்கு இரண்டு அழைப்புகள். எதை விடுவது என்று தெரியவில்லை.

முதலாவது, சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் ‘பன்னாட்டு மாநாடு’. புள்ளியியல், பொறியியல், மேலாண்மை, நர்சிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஆய்வுச் சுருக்கத்தைத் திங்கள் இரவு அனுப்பினேன். புதன் காலை மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருக்கும்போதே ‘ஏற்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. கட்டணம் 8,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 10,030. என் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி.

இரண்டாவது, கோவையில் ஒரு பல்கலைக்கழகத் துறை நடத்தும் ஐந்து நாள் பயிலரங்கு. சோதனை வடிவமைப்பும் கலப்பு மாதிரிகளும் பாடம். புள்ளியியல் கணக்குக்கான ‘ஆர்’ மென்பொருளில் கைப்பயிற்சி உண்டு. 2,000 ரூபாயில் விடுதியும் சாப்பாடும் அடக்கம். ஆனால் கட்டுரை வாசிக்க முடியாது, பங்கேற்றதற்குச் சான்றிதழ் மட்டும்தான். அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் மஞ்சள் வேக வைக்கிறார்கள் என்பது தனிச் சங்கடம். மருமகள் ஐந்து நாள் கோவையில் போய் உட்கார்ந்தால் மாமியார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அடுப்படியில் பாத்திரங்கள் பேசும்.

ஆய்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொட்டுநீரில் மஞ்சள் மகசூல் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. நான்கு தோட்டங்கள், எல்லாவற்றிலும் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்தின் பிஎஸ்ஆர் 2 ரகம். இரண்டு தோட்டங்களில் சொட்டுநீர், இரண்டில் வழக்கமான வாய்க்கால் பாய்ச்சல். தோட்டத்துக்கு ஒன்பது பாத்தி வீதம், போன வருட வெட்டில் 36 பாத்திகளின் காய்ந்த மஞ்சள் எடை கையில் இருக்கிறது. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையில் பி மதிப்பு 0.003; அதாவது சொட்டுநீரால் பலனே இல்லை என்றால் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர ஆயிரத்தில் மூன்று வாய்ப்புதான். சுருக்கத்தில் அனுப்பியதும் இதைத்தான்.

எதற்குப் போவது?

சேலத்து ஆய்வாளன்:

சான்றிதழ்தான் தேவை என்றால் முதலாவதற்குப் போங்கள். நான் அப்படி மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஓர் அமர்வில் ஏழு பேர் வாசிக்க வேண்டும், நான்கு பேர்தான் வந்தோம், கேட்டவர்களும் அதே நான்கு பேர். தலைமை தாங்கியவர் நால்வரிடமும் ‘நல்ல முயற்சி’ என்றார். சாம்பார் சாதம் பிரமாதம். வழிகாட்டி சான்றிதழைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார், வேலை முடிந்தது.

ஐந்துக்கு ஐந்து:

அம்மணி, நான் புள்ளியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், பெருந்துறைக்காரன். மாநாட்டை விடுங்கள். முதலில் உங்கள் 36ஐப் பார்ப்போம்.

தண்ணீர் பாய்ச்சும் முறை தோட்டத்துக்குத் தோட்டம்தானே மாறுகிறது? பாத்திக்குப் பாத்தி மாறவில்லையே? அப்படியானால் உங்களிடம் இருப்பது 36 அல்ல, நான்கு. ஒரு தோட்டத்தின் ஒன்பது பாத்திகளும் ஒரே மண், ஒரே கிணறு, ஒரே ஆள் போட்ட எரு. ஒன்று நன்றாக விளைந்தால் மற்ற எட்டும் விளையும். ஒரே வீட்டில் ஒன்பது பேரிடம் ‘என்ன குழம்பு’ என்று கேட்டுவிட்டு, ஒன்பது வீட்டில் கேட்டேன் என்று எழுதுவது போன்றது இது. உங்கள் 0.003 சொட்டுநீரால் வந்ததா, அந்த இரண்டு தோட்டங்களின் செம்மண்ணால் வந்ததா? கணக்கால் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்களைக் குறை சொல்லவில்லை. இது மிகவும் பழைய தவறு. ஆனால் இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார்களே, அவர்களில் ஒருவர் படித்திருந்தால்கூட இதைக் கேட்டிருப்பார். பாத்தி என்ற சொல்லே அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

1938இல் கல்கத்தாவில் முதல் இந்தியப் புள்ளியியல் மாநாடு நடந்தபோது தலைமையுரை ஆற்றியவர் புள்ளியியல் மேதை ஆர். ஏ. ஃபிஷர். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போலத்தான், சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்று அங்கேதான் சொன்னார். உங்களுடையது இன்னும் சாகவில்லை. வைகாசியில் நடவு வருகிறது. ஒவ்வொரு தோட்டத்தையும் இரண்டாகப் பிரியுங்கள்; ஒரு பாதிக்குச் சொட்டுநீர், மறு பாதிக்கு வாய்க்கால். அப்போது அந்தந்த மண்ணுக்குள்ளேயே ஒப்பிடலாம். நான்கு தோட்டம் போதாது, குறைந்தது ஆறு தோட்டமாவது பிடியுங்கள். எந்தப் பாதிக்கு எது என்பதை மட்டும் நீங்களோ தோட்டக்காரரோ முடிவு செய்யக் கூடாது, குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மகசூலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்காக வயல் வயலாகப் போனவன் நான். நெல் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கட்டம் எங்கே விழ வேண்டும் என்று, குலுக்கல் போல எடுக்கும் சமவாய்ப்பு எண் சொல்லும். கோபிப் பக்கம் ஒருவர், நன்றாக விளைந்த கிணற்றோரத்தில் அளக்கச் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தார். பயிர்க் காப்பீடு வந்த பிறகு அதே ஆள் கருகிய மூலைக்கு இழுத்தார்.

பயிலரங்குக்குப் போங்கள். கலப்பு மாதிரி என்று அவர்கள் சொல்லித்தரப் போவது இந்தத் தோட்டம், பாத்திக் கதையைத்தான்.

ஆனைமலைக் காற்று:

அக்கா, நான் பொள்ளாச்சி. சென்னையில் மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஐயா சொன்னதற்கு மேல் இரண்டு மூன்று விஷயங்கள்.

சான்றிதழ் உண்மையிலேயே தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016ஆம் ஆண்டு விதிகளில், ஆய்வேடு கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று இருந்தது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகமே தன் விதியாக வைத்திருக்கலாம். ஆய்வுப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். வழிகாட்டி வாய்மொழியாகச் சொல்வது வேறு, விதி வேறு.

வாசிக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் தலைப்புக்கு இந்திய வேளாண் புள்ளியியல் சங்கம் இருக்கிறது. 1947இல் தொடங்கியது, முதல் தலைவர் ராஜேந்திர பிரசாத். அங்கே பாத்தி என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பன்னாட்டு இந்தியப் புள்ளியியல் சங்கத்தின் மாநாடு 2024 டிசம்பரில் கொச்சியிலேயே நடந்தது. காலையில் கோவையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கொச்சியை ஒட்டிய ஆலுவா. இப்படிப் பக்கத்தில் வரும்போது விட்டுவிடாதீர்கள். உலகப் புள்ளியியல் மாநாடு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, 2023இல் ஒட்டாவா, 2025இல் ஹேக். அமெரிக்காவின் கூட்டுப் புள்ளியியல் கூட்டங்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும். சுருக்கத்துக்கான கெடு பிப்ரவரி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதெல்லாம் பிறகு.

வேகமாக ஏற்பதைப் பற்றி ஒரு பழைய கதை. 2005இல் எம்ஐடி மாணவர்கள் மூவர், கணினி நிரல் தானாக எழுதிய அர்த்தமற்ற கட்டுரையை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்கப்பட்டது.

கவுந்தப்பாடிக்காரி:

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரவு சாப்பாடு இறங்கவில்லை. நான்கு தோட்டங்களின் சராசரியை மட்டும் வைத்து மறுபடி போட்டேன். பி மதிப்பு 0.21.

ஆய்வுப் பிரிவில் கேட்டேன், தங்கை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரையாவது வாசித்திருக்க வேண்டுமாம், ஆனால் ஆய்வேடு கொடுப்பதற்குள் எப்போது வேண்டுமானாலும். எனவே சென்னைக்குப் பணம் கட்டவில்லை. ‘இன்று மட்டும் 20 சதவீதத் தள்ளுபடி’ என்று மூன்று நாளாக மின்னஞ்சல் வருகிறது. கோவைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ‘அங்கே மஞ்சளைப் பற்றியா சொல்லித் தருகிறார்கள்?’ என்று மாமியார் கேட்டார். ஆமாம் என்றேன், முழுப் பொய்யும் அல்ல.

இப்போது புதிய சிக்கல். இரண்டு தோட்டங்கள் என் கொழுந்தனாருடையவை. எந்தப் பாதிக்குச் சொட்டுநீர் என்று அவர் முன்னாலேயே காசு சுண்டினேன். குழாய் இழுக்கச் செலவு அதிகமாகும் தூரத்துப் பாதிக்குத்தான் விழுந்தது. ‘இன்னொரு தடவை சுண்டுங்கள் அண்ணி’ என்கிறார். சுண்டலாமா ஐயா?