கோபுரத்தில் ஏறும் முன் தரையில் முடிக்க வேண்டியவை: வன்னியில் வேலை செய்பவர்களின் அனுபவங்கள்

கோபுர வேலைக் குழுத் தலைவர், கிளிநொச்சி

ஓமந்தையிலிருந்து ஆனையிறவு வரைக்கும், கிழக்கே முல்லைத்தீவுக் கரை வரைக்கும் கைப்பேசிக் கோபுரங்களில் வேலை செய்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். உப ஒப்பந்தகாரர்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் மளமளவென்று ஏறுகிறார்கள். எந்த நேரத்தில் ஏறக்கூடாது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் கண் முன்னால் நடந்ததை எழுதுங்கள். நான் காற்றிலிருந்து தொடங்குகிறேன்.

வைகாசியில் சோளகம் தொடங்கினால் பூநகரிப் பக்கத்து வெளிகளில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. விடியற்காலையில் அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். தரையில் சட்டை கூட அசையாது. பனை உச்சியில் ஓலை சலசலக்கும். ஓலை சலசலத்தால் அதைவிட உயரத்தில் என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நாள், ஆளைவிட உயரமான அன்டெனா ஒன்றைக் கப்பியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதி உயரத்தில் அது பாய்போலக் காற்றைப் பிடித்துத் திரும்பியது. வழிகாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தவர் நின்ற இடத்திலிருந்து இழுபட்டார். உடனே இறக்கச் சொன்னேன். "இன்றைக்கே இயங்க வேண்டும்" என்று கொழும்பிலிருந்து தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. விடியப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பொருட்களைக் கட்டி வைத்தேன். மறுநாள் காலை காற்று எழுமுன் அதே அன்டெனா எந்தச் சிரமமும் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது.

இன்னொன்று. 40 மீற்றர் உயரத்திலிருந்து கைதவறும் ஸ்பானர் சாவி மூன்று வினாடிக்குள் தரையைத் தொடும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் வேகம். வேலை நடக்கும்போது வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் வருவார்கள், ஆடுகள் நிழலுக்கு வந்து படுக்கும். கருவிகளைக் கயிற்றால் இடுப்புப் பட்டியில் கட்டுங்கள். அடிவாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள். அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது.

மின்வழங்கல் தொழில்நுட்பவியலாளர், வவுனியா

அண்ணை காற்றைச் சொன்னார். நான் ஏறாமலே ஆளைக் கொல்லக்கூடியதைச் சொல்கிறேன்.

எங்கள் கருவிகள் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. "48 தானே, 230 இல்லையே" என்று புதியவர்கள் துணிந்து கை வைக்கிறார்கள். 48 வோல்ட் உடலை உதறித் தள்ளாது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் பற்றரித் தொகுதியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் சாவி விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். உலோகம் உருகித் தெறிக்கும். கையில் மோதிரமோ கைக்கடிகாரமோ இருந்தால் அது விரலோடு சேர்ந்து வேகும். ஆகவே மோதிரம், சங்கிலி எல்லாம் வாகனத்திலேயே கழற்றி வைக்க வேண்டும். கருவிகளின் கைப்பிடி காப்பிட்டதாக இருக்க வேண்டும்.

வாகனத் திருத்தகத்தில் வேலை பழகிய ஒரு தம்பி எங்களுடன் சேர்ந்தார். நல்ல கைத்திறன். வாகனத்தில் எதிர்முனைதான் உடற்சட்டத்தோடு சேர்ந்திருக்கும். தொலைத்தொடர்பில் நேர்முனை புவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. உயிரோட்டம் இருப்பது எதிர்முனையில். பழைய பழக்கத்தில் அந்தத் தம்பி எதிர்முனைக் கம்பியை ஆபத்தில்லாதது என்று எண்ணிக் கருவி அலமாரியின் சட்டத்தில் சாய்த்து வைக்கப் போனார். பக்கத்தில் நின்ற மூத்தவர் கையைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: பற்றரி பிரேக்கரைத் திறந்து, மீற்றரால் அளந்து பார்த்து, ஒரு முனைக்குக் காப்புறை போட்ட பிறகே மறு முனையைத் தொட வேண்டும்.

ஜெனரேட்டரைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும். மின்சார சபையின் மின் போனதும் அது தானாகவே எழும்பும். முல்லைத்தீவுப் பக்கத்தில் விசிறிப் பட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது ஊரில் மின் நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டி எங்களைக் கேட்டுவிட்டா கட்டளை கொடுக்கும்? அன்றைக்கு விரல்கள் தப்பியதற்குக் காரணம், வேலை தொடங்க முன்னரே தெரிவுச் சுவிட்சை நிறுத்த நிலையில் வைத்து, ஸ்டார்ட்டர் பற்றரியின் எதிர்முனையையும் கழற்றி வைத்திருந்தோம். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்பவர்களோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்து வன்னிக்கு மேலாகப் போனது. அதன் பிறகு மின் இல்லாத இடங்களுக்கெல்லாம் சிறிய ஜெனரேட்டர்களை ஏற்றிக்கொண்டு ஓடினோம். ஓரிடத்தில் மழைக்குப் பயந்து அதைக் கருவி அறைக்குள்ளேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தவர் தலையிடிக்கிறது என்றார். இயந்திரப் புகையில் இருக்கும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அவரை வெளியே கொண்டுவந்து இருத்திய பிறகுதான் இயந்திரத்தை நிறுத்தினேன். மழை நனைக்கும் என்றால் இயந்திரத்தை வெளியிலேயே வைத்து அதற்கு மேல் கூரை போடுங்கள்.

காணி உரிமையாளர், ஒட்டுசுட்டான்

தம்பிமார், நான் கோபுர வேலை செய்பவள் அல்ல. எங்கள் காணியின் ஒரு மூலையை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு நாள் வேலியோரம் மண் கிளறிக் கிடந்தது. கோபுரத்தின் காலிலிருந்து மண்ணுக்குள் போகும் செம்புக் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கோபுரம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வாயிற்கதவில் எழுதியிருந்த இலக்கத்துக்குச் சொன்னேன். வந்த பிள்ளை பதறிப்போனார். அது ஐப்பசி மாதம். பின்னேரங்களில் இடி வந்துகொண்டிருந்த காலம்.

எனக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கிறதே, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதா?

மின்வழங்கல் தொழில்நுட்பவியலாளர், வவுனியா

அக்கா, அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும். அந்தக் கம்பி இல்லாவிட்டால் மின்னல் தனக்கு அகப்பட்ட வழியால் போகும். அது கருவி அலமாரியாகவும் இருக்கலாம், அலமாரியில் கை வைத்திருப்பவராகவும் இருக்கலாம். புதியவர்கள் கவனியுங்கள்: கோபுரத்துக்குப் போனதும் முதலில் நான்கு கால்களையும் சுற்றி நடந்து செம்பு இருக்கிறதா என்று பாருங்கள். புவி இணைப்பின் மின்தடையை ஆவணியில், மண் காய்ந்து வெடித்திருக்கும்போது அளக்க வேண்டும். மாரியில் ஈர மண்ணில் அளந்தால் எந்தப் புவி இணைப்பும் நன்றாகத்தான் தெரியும். கோடையில் அந்த எண் பொய்யாகிவிடும்.

இடி கேட்கும் தூரத்தில் இருந்தால் மின்னல் எட்டும் தூரத்திலும் இருக்கிறோம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்துதான் மீண்டும் ஏறுவோம்.

வானலைப் பொறியியலாளர், வவுனியா

அக்காவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அயனாக்கமற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998 இல் வகுத்து 2020 இல் புதுப்பித்த வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பொதுமக்கள் விடயத்தில் சதுர மீற்றருக்கு 4.5 வாட். அன்டெனாக்கள் கதிர்வீச்சைப் பெரும்பாலும் கிடையாகத் தூரத்துக்கு வீசுகின்றன. கோபுரத்தின் கீழே வீட்டு முற்றத்தில் அளந்தால் வருவது அந்த வரம்பின் மிகச் சிறிய பங்கு. பயிற்சி பெற்ற தொழிலாளருக்கு வரம்பு ஐந்து மடங்கு. அதைத் தாண்டும் வாய்ப்பு இருப்பது அன்டெனாவின் முகத்துக்கு நேரே சில மீற்றருக்குள். ஆகவே அபாயம் அக்காவின் வீட்டாருக்கு அல்ல, கோபுரத்தில் ஏறுகிறவருக்குத்தான்.

மாங்குளத்துக்கு அப்பால் ஒரு கோபுரத்தில் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் பக்க அன்டெனாவுக்கு முன்னால் நின்று வேலை செய்ய வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி அந்தத் திசையின் அலைபரப்பை நிறுத்தினோம். நிறுத்தியதாக உறுதியும் வந்தது. ஆனால் ஏறியவரின் மார்பில் கட்டியிருந்த கதிர்வீச்சு அளவி இடைவிடாமல் கூவியது. அளவி பழுதாக இருக்கும் என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, இறங்கிவிட்டார். பிறகு பார்த்தால், அதே கோபுரத்தில் வாடகைக்கு இருக்கும் மற்ற நிறுவனத்தின் அன்டெனா ஒரு தட்டுக் கீழே அதே திசையைப் பார்த்து இயங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நாங்கள் வேலை செய்வது தெரியவே தெரியாது. வன்னியில் பல கோபுரங்களில் இப்போது இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. எத்தனை அன்டெனா, யாருடையது, எந்தத் திசை என்று தரையிலிருந்து பார்த்து ஒரு தாளில் வரைந்த பிறகுதான் எங்கள் குழு இப்போது ஏறுகிறது. நிறுத்தியவரின் பெயரும் நேரமும் அதே தாளில் எழுதப்படும். இறங்கிவிட்டோம் என்று நாங்கள் சொல்லும் வரை யாரும் மீண்டும் இயக்கக்கூடாது என்பதையும் அழைப்பிலேயே சொல்லிவிடுகிறோம்.

முன்னாள் கண்ணிவெடி அகற்றுநர், புதுக்குடியிருப்பு

மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருட்களைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. 2009 க்குப் பிறகு வருடக்கணக்காக முழங்காலில் இருந்து இந்த மண்ணைச் சோதித்த பெண்களில் நானும் ஒருத்தி. கோபுரக் காணி துப்புரவாக்கப்பட்டது என்று பத்திரம் இருக்கும். அந்தப் பத்திரம் அந்தக் காணியின் எல்லைக்குள் மட்டும்தான் பேசும்.

ஒரு குழு புவிக்கம்பி இறக்கும்போது உள்ளே பாறை தட்டியது. வேலிக்கு வெளியே பற்றைக்குள் பத்தடி தள்ளித் தோண்டினால் இலகு என்று மண்வெட்டியோடு புறப்பட்டார்கள். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த நான் நிற்கச் சொன்னேன். அந்தப் பற்றைக் காணி எப்போது, யாரால் சோதிக்கப்பட்டது என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கிராம அலுவலரிடம் விசாரிக்கும் வரை தோண்ட வேண்டாம் என்று மறித்துவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

மழை வெள்ளம் பழைய வெடிபொருட்களை இடம் மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏதாவது கண்டால் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள். வந்த காலடி வழியே திரும்பிப் போய்ப் பொலிஸுக்கு அறிவியுங்கள். மலசலம் கழிப்பதற்கென்று பற்றைக்குள் போவதையும் விட்டுவிடுங்கள்.

பராமரிப்பாளர், மல்லாவி

அலமாரிக் கதவைத் திறக்கும்போது பக்கவாட்டில் நின்று திறவுங்கள். உள்ளே சூடு இருப்பதால் மாரியில் புடையன் பாம்பு வந்து சுருண்டிருக்கும். மேலே குளவிக்கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே தொலைநோக்கியால் பாருங்கள். பாதி வழியில் குளவி கலைந்தால் கொக்கியை மாற்றி மாற்றி இறங்க நேரம் இருக்காது.

கோபுர வேலைக் குழுத் தலைவர், கிளிநொச்சி

அந்தக் கொக்கி விடயத்துக்கு வருவோம். இரட்டைக் கயிறு எதற்கு? ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும். இதில் விதிவிலக்கே இல்லை.

விழுபவரைப் பாதுகாப்புப் பட்டி தாங்கிவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று நினைப்பது தவறு. அசையாமல் தொங்குபவரின் இரத்தம் கால்களில் தேங்கும். நிமிடங்களுக்குள் நினைவு இழக்கலாம். பங்குனி வெயிலில் எங்களில் ஒருவர் மேலே மயங்கிச் சரிந்தார். மீட்புக் கயிறு ஏற்கெனவே கட்டி ஆயத்தமாக இருந்தது. அதை இயக்கத் தெரிந்த இரண்டாவது ஆளும் மேலேயே இருந்தார். உடனே இறக்க முடிந்தது. மீட்புப் பை அடுத்த இடத்துக்குப் போன லொறியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும், நல்ல சேவை. ஆனால் குளக்கட்டு வழியே உள்ளே போகும் நம் இடங்களை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஏறுமுன் வழியைத் தெளிவாக எழுதி வையுங்கள். பிரதான வீதிச் சந்தியில் ஒருவர் போய் நிற்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவர், துணுக்காய்

அண்ணைமார், எனக்குத் தந்திருக்கும் பட்டி பழையது. நிறம் மங்கியிருக்கிறது. அதிர்ச்சி தாங்கும் பொதியின் ஓரம் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. புதியது வேண்டுமென்றால் சம்பளத்தில் கழிப்போம் என்கிறார்கள். நாளைக்கு வேலை இருக்கிறது.

கோபுர வேலைக் குழுத் தலைவர், கிளிநொச்சி

தம்பி, பொதி பிரிந்திருந்தால் அது ஏற்கெனவே ஒருவரின் விழுகையைத் தாங்கியிருக்கலாம். ஒருமுறை தாங்கியதை மறுமுறை பயன்படுத்தக்கூடாது. பட்டி தருவது வேலை கொடுப்பவரின் கடமை. சம்பளத்தில் கழிக்கச் சம்மதிக்க வேண்டாம். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க இந்த நாட்டில் 1934 முதல் சட்டம் இருக்கிறது. அதற்கு நீங்கள் அவர்களிடம் வேலை செய்ததற்கான சான்று வேண்டும். நியமனக் கடிதம், சம்பளம் வந்த வங்கிப் பதிவு, வேலைக்கு அழைத்த குறுஞ்செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

பட்டியின் லேபிளையும் தோள் தையலையும் அந்தப் பொதியையும் படம் எடுத்து இன்றிரவே அனுப்புங்கள். என்னிடம் மேலதிகமாக நல்ல பட்டி ஒன்று இருக்கிறது. காலை பஸ்ஸில் மாங்குளம் வரை கொடுத்தனுப்புகிறேன். அது கைக்கு வரும் வரை நீங்கள் தரையில் கயிறு பிடிக்கும் வேலையைச் செய்யுங்கள். யாராவது வற்புறுத்தினால் என் இலக்கத்தைக் கொடுங்கள், நான் கதைக்கிறேன்.