பால் கட்டு: புதுப்பிப்பு

குழந்தைக்கு 5 வாரம், வலது மார்பில் பால் கட்டி வலிக்கிறது, 3 நாள் மாத்திரைக்கும் கேட்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது சீழ்க்கட்டி.

காய்ச்சல் விட்டும் எலுமிச்சை அளவுக் கட்டி கரையவில்லை. தோல் சிவந்து பளபளத்தது. தொட்டால் தண்ணீர்ப் பை போல உள்ளே அசைந்தது. அந்த அசைவைக் கண்டால் காத்திருக்காதீர்கள். ஸ்கேனில் சீழ் தெரிந்ததும், மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேன் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சினார்கள். கெட்டியான மஞ்சள் சீழ், அரை சிரிஞ்சு. கத்தி வைக்கவில்லை. 2 நாளில் மறுபடி ஊறியது, மறுபடி எடுத்தார்கள், இது வழக்கம்தானாம். கல்ச்சர் (சீழில் எந்தக் கிருமி என்று கண்டறியும் சோதனை) பார்த்து மாத்திரையை மாற்றினார்கள்.

அத்தை பயந்தார், ஆனால் டாக்டர் சொன்னபடி பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பால் தேங்கி இன்னும் கட்டுமாம். அப்புறம், அழுத்திப் பிசையவே கூடாது என்றார். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நாளை மறுநாள் மறு ஸ்கேன்.