எஸ்டிமேட்: மதிப்பிடலாமா, மட்டிடலாமா?

வணக்கம்.

சரியான எண் தெரியாதபோது, கையில் இருப்பதை வைத்து ஏறக்குறைய இவ்வளவு என்று சொல்வதை ஆங்கிலத்தில் 'எஸ்டிமேட்' என்கிறார்கள். அந்த வினைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கலந்துரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மதிப்பிடு, கணக்கிடு, கணி, ஊகி, அனுமானி, உத்தேசி, மட்டிடு. ஏழு சொற்கள். இவற்றில் நாலைந்தைச் சீக்கிரமே தள்ளிவிடலாம்.

'உத்தேசமாக' என்ற அடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வினையாக்கினால் பொருள் மாறிவிடுகிறது. "கூட்டம் நடத்த உத்தேசித்திருக்கிறோம்" என்றால் அது திட்டம், அளவு பற்றிய பேச்சே இல்லை. 'கணக்கிடு' என்பதில் விடை ஒன்றுதான். பதினேழை ஆறால் பெருக்கி இருவர் வேறு வேறு எண் சொன்னால், ஒருவராவது தப்பு. எஸ்டிமேட்டில் அப்படியில்லை. இருவரும் வேறு வேறு எண் சொல்லி, இருவருமே முறையாகச் செய்திருக்கலாம். 'கணி' எதிர்காலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. மழையைக் கணிக்கிறோம், தேர்தல் முடிவைக் கணிக்கிறோம். இந்த ஏரியில் இன்று எத்தனை மீன் இருக்கிறது என்பதற்கு அது ஒட்டாது. 'அனுமானி' தருக்கநூலின் சொத்து. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று தெளிவது அனுமானம். அங்கே எண்ணுக்கே வேலையில்லை. புள்ளியியலில் 'இன்ஃபரன்ஸ்', அதாவது தரவிலிருந்து முடிவுக்கு வருவது, என்பதற்கு அது தேவைப்படும். எஸ்டிமேஷன் அதன் ஒரு பகுதிதான். பகுதிக்கும் முழுமைக்கும் ஒரே பெயரா?

'ஊகி' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. (சங்கப் பாட்டில் ஊகம் என்றால் ஒருவகைக் கருங்குரங்கு. வேறு சொல்தான், ஆனாலும் கிளைக்குக் கிளை தாவும் வேலை என்று பார்த்தால் பொருத்தம்.) ஊகத்துக்கும் எஸ்டிமேட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் சொல்லும் கதை இரண்டாம் உலகப் போரில் நடந்தது.

ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டு மாதத்துக்கு உளவுத்துறை சொன்னது 1550. புள்ளியியலாளர்கள் உளவாளிகளை விட்டுவிட்டு, கைப்பற்றிய டாங்கிகளின் பாகங்களில் பொறித்திருந்த வரிசை எண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்கள் கிடைத்தபோது இருந்தது 342. முதலாவது ஊகம், இரண்டாவதுதான் நாம் பெயர் தேடும் காரியம். இரண்டுமே உண்மையைத் தொடவில்லை. ஆனால் இரண்டாவது, கையிலிருந்த தரவிலிருந்து ஒரு வழிமுறைப்படி வந்தது. எப்படி வந்தது என்று காட்ட முடியும்.

அந்த வழிமுறையின் எளிய வடிவம் இது. டாங்கிகளுக்கு 1 முதல் வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள், ஐந்து டாங்கிகள் கிடைத்தன, அவற்றில் மிகப்பெரிய வரிசை எண் 80 என்று வையுங்கள். 80-ஐ ஐந்தால் வகுத்தால் 16. அதை 80-உடன் கூட்டி ஒன்றைக் கழித்தால் 95. மொத்தம் 95 டாங்கி இருக்கும். மிகப்பெரிய எண்ணுக்கு மேலேயும் கொஞ்சம் இருக்கும், எவ்வளவு என்றால் எண்களுக்கு நடுவே சராசரியாக விழும் இடைவெளி அளவுக்கு. அவ்வளவுதான் தத்துவம்.

இந்தச் சின்னக் கணக்கிலேயே நான்கு தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. செய்யும் செயல் ஒன்று. 95 என்ற எண் ஒன்று. "வகுத்து, கூட்டி, ஒன்றைக் கழி" என்கிற சூத்திரம் ஒன்று. நமக்குத் தெரியாமல் எங்கோ இருக்கும் உண்மையான எண்ணிக்கை ஒன்று. ஆங்கிலத்தில் இதே வரிசையில் எஸ்டிமேஷன், எஸ்டிமேட், எஸ்டிமேட்டர், எஸ்டிமேண்ட் என்று ஒரே வேரிலிருந்து நான்கும் கிளைக்கின்றன. நாம் நான்கையும் 'மதிப்பீடு' என்று எழுதிவிட்டு, மாணவர்களுக்குப் புரியவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

போதாக்குறைக்கு 'மதிப்பீடு' வீட்டில் வேறு குடித்தனங்களும் உண்டு. ஆசிரியர் விடைத்தாளைப் பார்ப்பதும் மதிப்பீடு, நகைக்கு விலை சொல்வதும் மதிப்பீடு, ஊழியரின் ஆண்டு வேலையைப் பார்ப்பதும் மதிப்பீடு. அதனால்தான் ஒரு நண்பர் 'மட்டிடு' என்று புதிதாகத் தொடங்கலாம் என்றார். மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டில்லா, மட்டுப்படுத்து எல்லாம் அந்தக் குடும்பம். ஈழத்துப் பேச்சில் 'மட்டுக்கட்டு' என்று உயிரோடு இருக்கிறது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. அப்புறம் 'எஸ்டிமேட்டர்' என்பதற்கு இதிலிருந்து என்ன வரும் என்று யோசித்தேன். செயலி, உலாவி போல 'மட்டி'. சரி, அதை விடுங்கள்.

சொல்லைச் சோதிக்க என்னிடம் ஒரு வழி உண்டு. அதன் எதிர்மறையையும் மிகையையும் போட்டுப் பார்ப்பேன். 'அண்டர்எஸ்டிமேட்' என்பதற்கு யாரும் குழு வைத்துச் சொல் ஆக்கவில்லை. "அவனைக் குறைத்து மதிப்பிடாதே" என்று எல்லோரும் தானாகவே சொல்கிறார்கள். "குறைத்துக் கணிக்காதே" சொல்லிப் பாருங்கள், "குறைத்து மட்டிடாதே" சொல்லிப் பாருங்கள். வாயில் நிற்கவில்லை. மக்கள் ஏற்கெனவே தேர்ந்துவிட்டார்கள்.

இதற்குள்ளே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எஸ்டிமேட், மரியாதையைக் குறிக்கும் எஸ்டீம் இரண்டும் 'எஸ்திமாரே' என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. விலை போடுவது, மதிப்புத் தருவது என்று அதற்குப் பொருள். நம் 'மதி'யும் அதே இரண்டு திசையில்தான் போயிருக்கிறது. பெரியவர்களை மதிக்கிறோம், செலவை மதிப்பிடுகிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இந்தப் பொருத்தத்தை ஏன் கைவிட வேண்டும்?

ஆகவே என் யோசனை, புது வினை வேண்டாம், குடித்தனக்காரர்களை நகர்த்துவோம். தரம் பார்க்கும் 'எவால்யுவேட்' என்பதை 'மதிப்பாய்' என்று சொல்லலாம், மதிப்பாய்வு ஏற்கெனவே புழங்குகிறது. எஸ்டிமேட் செய்வது மதிப்பிடல். கிடைக்கும் எண் மதிப்பளவு. எஸ்டிமேட்டர் என்பது கருவியோ ஆளோ இல்லை, ஒரு விதி. எனவே 'மதிப்பீட்டு விதி'. இகர ஈறு போட்டு 'மதிப்பி' ஆக்கலாம் என்ற கருத்தும் வந்தது. எனக்கு அது யாரையோ மரியாதை செய்யச் சொல்வதுபோல ஒலிக்கிறது.

ஆனால் இதையெல்லாம் மென்பொருள் மொழிபெயர்ப்பில் அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீர்கள். கோப்பு இறங்கும்போது தெரியும் வரிக்கு நான் ஒருமுறை 'மதிப்பிடப்பட்ட மீதமுள்ள நேரம்: 4 நிமிடங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, தமிழும் இல்லை. இப்போது எழுதினால் 'இன்னும் 4 நிமிடம் ஆகலாம்' என்பேன். தமிழில் எஸ்டிமேட் செய்வது பெரும்பாலும் வினைச்சொல்லை வைத்து அல்ல. "ஐந்து கிலோமீட்டர் வரும்", "இருபது கிலோ தேறும்", "ஒரு முப்பது பேர் இருப்பார்கள்" என்கிறோம். முப்பது பேரும் இந்த நிமிடம் அங்கேதான் இருக்கிறார்கள், ஆனாலும் எதிர்கால விகுதி. முன்னால் ஓர் 'ஒரு' வேறு. அந்த 'ஒரு' ஒன்று என்று சொல்லவில்லை, 'அடித்துச் சொல்லமாட்டேன்' என்று சொல்கிறது. ஏழெட்டு, பத்துப் பன்னிரண்டு என்று எண்களை ஜோடி சேர்ப்பதும் இதே வேலைதான். இவ்வளவு கைவசம் இருக்கும்போது திரையில் 'மதிப்பிடப்பட்ட' தேவையே இல்லை.

'கெஸ்டிமேட்' என்பதற்கும் சிலர் சொல் கேட்டிருந்தார்கள். குத்துமதிப்பு. பேச்சுவழக்கு என்று தள்ள வேண்டாம், அந்த ஆங்கிலச் சொல்லும் ஊகத்தைக் குறிக்கும் 'கெஸ்' என்பதையும் 'எஸ்டிமேட்' என்பதையும் விளையாட்டாக ஒட்டவைத்ததுதான்.

மிச்சம் இருப்பது எஸ்டிமேண்ட். நாம் எட்ட நினைக்கும் அந்த உண்மை எண். 'மதிப்பிலக்கு' என்று ஒன்று தோன்றுகிறது. குறிபார்ப்பதைச் சொல்லும் 'எய்ம்' என்ற ஆங்கிலச் சொல்லும் பழைய பிரெஞ்சு வழியாக அந்த லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான் என்பதால் இலக்கு பொருந்தும் என்று பார்க்கிறேன். ஆனால் 'மதிப்பு விலக்கு' என்று காதில் விழுமோ என்ற பயமும் இருக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள், இதைவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.