புதுப்பிப்பு: நெல் வரவுப் பதிவேட்டில் மோதிய இரு நகல்கள்
தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நகல் வைத்திருக்கும் எங்கள் உழவர் குழுவின் குளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS, ஒரே கோப்பைப் பல சர்வர்களில் நகலாக வைக்கும் மென்பொருள்) சேமிப்பில், குறுவை நெல் வரவுப் பதிவேட்டைத் திறந்தால் பிழை மட்டுமே வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இணைப்பு அறுந்திருந்தபோது இரு ஊர்களிலும் அதே கோப்பில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வரும் மற்றதன் நகலே பழையது என்று குறித்துக்கொண்டதால், எதை நம்புவதென்று தெரியாமல் மென்பொருள் கோப்பைத் தர மறுத்தது. தவறான எடையைச் சத்தமில்லாமல் காட்டுவதைவிட இந்த மறுப்பே மேல். கடைசியாகத் திருத்திய நகலை ஏற்கச் சொல்லலாம்தான். ஆனால் மற்ற ஊர்க்காரர்களின் மூட்டைக் கணக்கு அழிந்துவிடும் என்பதால், இரண்டையும் தனியே எடுத்து வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்த்தோம். கோப்புகளின் பெயரையும் பண்புகளையும் மட்டும் வைத்திருக்கும் நடுவர் சர்வர் ஒன்றைத் திருவாரூரில் இப்போது நிறுவியுள்ளோம். மூன்று சர்வர்களில் இரண்டை எட்ட முடியாத பக்கத்தில் இனி எழுத முடியாது.